மதினி தள்ளி வெச்ச இறைச்சித் துண்டு

என் ஆசை நானா,

ஆம்பளைங்க நீங்க அடங்கியிருக்கிற கபுறடிக்கு வந்து சலாம் சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு அது ஏலாது, அதான் எழுதுறேன். வெக்கத்தை எழுதுறதும் லேசில்ல, பாருங்க.

நீங்க கொரோனாவுல போனதோட மூடின நம்ம மாத்தளைக் கடையைப் போன வெள்ளிக்கிழமை திறந்துட்டோம். உள்ள முழுக்க என் டிசைன். "இந்தப் படிப்பு சோத்துக் கடைக்கு உதவுமா"னு கேலி பண்ணுவீங்களே, வந்து பாருங்க! ரோட்டுப் பக்கச் சுவரை உடைச்சுப் பெரிய ஜன்னல் வெச்சேன். சூட்டுக் காத்து வெளியேற கூரைக்குக் கீழ வழி விட்டேன். கை கழுவுற பேசின் இப்ப வாசல்லயே. மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டாலும் எல்லாமே வட்ட மேசை. தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்தப் போற லொறிக்காரங்க முகம் பாத்துப் பேசிச் சாப்பிடட்டும்னு.

எல்லாரும் ஒண்ணாக் கை வெச்சுத் தின்ற பெரிய சஹன் தட்டையும் மாத்திட்டேன் நானா. நடுவுல சோறு இருக்கும், ஆனா சுத்தி உக்காருற ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தட்டு, அள்ளிப் போட அகப்பை. ஒரே தட்டுல எல்லாரும் கை வைக்கிறது இனிமே பயம்தானே? வந்தவங்க எல்லாம் "மாஷா அல்லாஹ், நல்ல யோசனை"ன்னாங்க. சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியல்ல.

சனமெல்லாம் போன பிறகு வீட்டாக்கள் மட்டும் மாடியில பாய் விரிச்சு உக்காந்தோம். நம்ம ஆக்கள்தானேனு மதினி பழைய மாதிரி சஹனை மட்டும் நடுவுல வெச்சாங்க. உங்கட பொண்டாட்டியை உங்களுக்குத் தெரியாதா? கோழியில நல்ல துண்டாப் பிச்சு, உங்களுக்குச் செய்ற மாதிரியே என் பக்கம் தள்ளி வெச்சாங்க. "தின்னுங்க தங்கச்சி, மெலிஞ்சு போயிட்டீங்க."

என் கை தானாப் பின்னால போயிட்டுது. எழும்பிப் போய்த் தனித் தட்டு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். "சட்டம் போட்டவளே மீறலாமா மதினி"னு சிரிப்பு வேற.

மதினி சிரிக்கல்ல. கையைச் சஹன்ல இருந்து எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. "எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. சவுக்காரம் போட்டுத்தான் கழுவினேன்"னாங்க, பக்கத்துல இருக்கவங்களுக்குக் கேக்காம.

யா அல்லாஹ்! நீங்க காய்ச்சல்ல கிடந்தப்போ உங்களுக்கு ஊட்டின கை அது. நீங்க போன பிறகு தெருவே உங்கட வீட்டு வாசலை விட்டு விலகிப் போனுச்சு. சாமான் கடையில காசைக் கையில வாங்காம மேசையில வைக்கச் சொன்னாங்கனு மதினி என்கிட்டத்தான் வந்து அழுதாங்க. அன்னைக்கு அந்தக் கடைக்காரனை நான் திட்டின திட்டு! எந்த முகத்தோட திட்டினேனோ?

தட்டு வெச்சது பிழையா நானா? கடைக்கு அது சரிதான்னு இப்பவும் நினைக்கிறேன். ஆனா மதினி முன்னால, அந்த நேரம் பாத்து எடுத்துட்டு வந்தேனே, அதுதான் என்னைத் தின்னுது.

முன்னாடியே வாரேன்னு சொல்லிட்டு, நேத்து மதினி வீட்டுக்கு மன்னிப்புக் கேக்கப் போனேன். பிள்ளைங்களுக்கும் தனக்கும் சஹன் வெச்சிருந்தாங்க. எனக்கு மட்டும் தனித் தட்டு, துணியால மூடி. முகத்துல கோபமே இல்ல. "நீங்க பயமில்லாமத் தின்னணும்"னாங்க. மன்னிப்புக் கேக்காமலே, குனிஞ்ச தலை நிமிராமத் தின்னுட்டு வந்துட்டேன்.

வார வெள்ளிக்கிழமை திரும்பப் போவேன். மதினிக்குப் பக்கத்துல உக்காந்து, அந்தச் சஹன்லயே கை வைப்பேன். நல்ல துண்டா எடுத்து அவங்க பக்கம் நான் தள்ளி வைப்பேன். அவங்க கையை எடுத்துக்கிட்டாலும், இந்த முறை நான் எழும்ப மாட்டேன் நானா.

உங்கட தங்கச்சினு சொல்லிக்க இன்னைக்கு வெக்கப்படுற,
உங்கட ஒரே தங்கச்சி