எல்லாரும் சொன்ன ஏழு

ஒனோட்டோவா தீவு
செவ்வாய்க்கிழமை மாலை

கப்பலில் இருக்கும் என் அன்பான அப்பாவுக்கு,

மகள் தெரேத்தியா எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் கப்பலில் வேலைக்குச் சேர நாளை விமானம் ஏறும் மிகாயெரே மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். இன்னும் ஒன்பது மாதம் கப்பலிலேயே இருப்பதாக நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அந்தக் கவலையில் எழுத்து கோணலாக வருகிறது, மன்னியுங்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. போன வாரம் தலைநகர் தராவாவிலிருந்து இருவர் வந்தார்கள். மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், எதனால் மகிழ்கிறார்கள் என்று தீவு தீவாகக் கேட்டு வருகிறார்களாம். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஆசிரியர் என்னை எழுத உட்கார்த்திவைத்தார். ஊரையே பொதுமண்டபத்தில் கூட்டிவைத்துக் கேட்டதுதான் வந்தவர்கள் செய்த தவறு. எப்போதும் முதலில் பேசுகிற உரியாம் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏழுன்னு போடு" என்றார். அதன்பிறகு எட்டு என்று யார் சொல்வார்கள்? சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். ஆறு என்றால் முறையிட்டதுபோல் ஆகும். நாற்பத்துமூன்று வீட்டுக்கும் ஏழு எழுதினேன். வந்தவர்களில் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒருத்தரையே நாப்பத்துமூணு தடவை கேட்டியா?" என்றார்.

அம்மாவும் ஏழுதான் சொன்னாள். ஆனால் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில், அத்தனை பெரியவர்களுக்கு எதிரே! "என்ன மேரே, இது உன் வீட்டுப் பாயா? காலை மடக்கு" என்று உரியாம் பெரியவர் கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். காலை மட்டும் மடக்கவில்லை.

அப்பா, அவளால் மடக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் பாதத்தில் கிளிஞ்சல் குத்திய புண், சர்க்கரை நோயால் ஆறவேயில்லை. நேற்றுப் பார்த்தேன், சுண்டுவிரல் கறுத்திருக்கிறது. "தராவா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். இன்னும் தள்ளிப்போட்டா விரலோட நிக்காது, சொல்லிட்டேன்" என்று செவிலி கத்தினார். "அவர் வரட்டும், போறேன்" என்கிறாள் அம்மா. போனிலோ உங்களிடம், "இங்க ஒரு குறையும் இல்லை, நீங்க கையெழுத்துப் போடுங்க" என்கிறாள். நான் போனில் சொல்லலாமென்றால் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை.

எல்லாம் என் படிப்புக்காக. தராவாவின் பெரிய பள்ளியில் எனக்கு இடம் கிடைத்ததிலிருந்து இப்படித்தான்.

மண்டபத்தில் கேட்டதற்கு மறுநாள் காலை அந்தத் தலைநகர்க்காரர்கள் நம் வீட்டுக்கே வந்து, எது உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறது என்று அம்மாவைக் கேட்டார்கள். நீங்கள் போட்ட தகரக் கூரையைச் சொல்வாள், இல்லையென்றால் என் மதிப்பெண்ணைச் சொல்வாள் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவர் தென்னைமேல ஏறிப் பதநீர் இறக்கறப்ப பாடுவாரு. காது குடுத்துக் கேக்க முடியாது. 'போதும் நிறுத்துங்க, மீனெல்லாம் ஓடிப்போச்சு'ன்னு கீழ நின்னு திட்டுவேன். உடனே இன்னும் சத்தமாப் பாடுவாரு. அதுதான்." சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "ஏய், அதை அடிச்சிடு. சர்க்கார் தாள்ல போய் எழுதறியே! அவருக்குத் தெரிஞ்சா தலைக்கனம் ஏறிடும்" என்றாள்.

நான் அடிக்கவில்லை. அந்தத் தாளில் உண்மையாக எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா, என் பள்ளியை நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி ஆசிரியரிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன். அழவில்லை. "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் என்னைத் திட்டுவாள், உங்களைத் திட்டுவதுபோல் அல்ல, நிஜமாகவே. பள்ளி அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருக்கும்.

நலமும் அமைதியும் நிறைவும் கடலெங்கும் உங்களோடு வரட்டும். நீங்கள் கரையிறங்கும்போது அவையும் இறங்கட்டும். சீக்கிரம் இறங்குங்கள், அப்பா.

உங்கள் மகள்,
தெரேத்தியா