வக்கீலின் முதுகும் சூடேறும் சீட்டும்

வக்கீலே,

இன்று காலை ஒரு டாக்ஸியின் சீட்டு உறையைக் கழற்றினேன். யாரோ பயணி சிகரெட் நெருப்பைத் தட்டிவிட்டிருக்கிறார். உள்ளே ஸ்பாஞ்சு கருகிக் குழிந்து கிடந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் குறடைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். துக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம். நீ போன பிறகு குறுவையும் வந்தது, தாளடியும் வந்தது. என் கோபம் மட்டும் அறுவடையாகாமல் அப்படியே நிற்கிறது.

இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் காரில் ஏசி போதவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. சீட்டு கொதிக்கிறது, துண்டு போட்டுத்தான் உட்கார முடிகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து, சீட்டு சூடாகவில்லை, சரிசெய்து கொடு என்று கேட்டவன் நீ ஒருத்தன்தான். பாபநாசம் ரோட்டில் நான் கடை வைத்ததே உன் ஒருவனிடம் அவதிப்படத்தான் போலிருக்கிறது.

அந்தக் காரை வாங்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பள்ளிக்கூடத்து சிநேகிதன், குவைத்தில் வாலிபம் முழுக்கக் கார் ஒயரிங் பார்த்துவிட்டு வந்தவன், பக்கத்திலேயே கடை வைத்திருக்கிறான் என்ற நினைப்பாவது வந்ததா? நேராக முத்துப்பேட்டைக்குப் போய் என் மச்சானின் பழைய காரையே பேசி முடித்துவிட்டு வந்தாய். வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. வெள்ளை நிறம், தெருவை அடைக்கிற நீளம். அதை ஓட்டிக்கொண்டு நீ கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் வருகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து செங்கொடிக்கார வக்கீல் இறங்கியதும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஏசி பட்டனுக்குக் கீழே, நாற்காலிப் படத்தின் மேல் நெளிகோடுகள் போட்ட ஒரு பட்டன் இருந்தது. என் மச்சான் அதைத் தொட்டதேயில்லை. நீதான் குளிர்காற்று வரும் என்று நினைத்து அழுத்தியிருக்கிறாய். போனில் கூப்பிட்டாய்.

“பாய், சீட்டு சுடுது.”

“அந்தப் பட்டன அணைச்சிடு. அது குளிர் ஊருக்காரனுக்கு வச்சது.”

“அணைக்கிறதா? யோவ், முதுகு வலி போயிடுச்சுய்யா! கும்பகோணம் கோர்ட்லேர்ந்து வீடு வரைக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல.”

அன்று பிடித்தது சனி. ஏசியை முழுசாக வைத்து, சீட்டையும் சூடாக வைத்து, முகத்தில் மார்கழியும் முதுகில் கத்திரியுமாகப் போக ஆரம்பித்தாய்.

உன் முதுகைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நீ காலேஜ் லீவில் ஊருக்கு வந்திருந்த வருஷம். அறுவடைக் கூலியை ஏற்றிக் கேட்டு உங்கள் தெரு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். உன் அப்பாவே அந்தப் பண்ணையில் கட்டுப்பட்டிருந்தவர். அவர் தடுத்தும் கேளாமல் நீ வரப்பில் போய்ப் படுத்துக்கொண்டாய். பண்ணையாரின் ஆட்கள் தடியால் முதுகிலேயே போட்டார்கள். நானும் சைக்கிளோடு வாய்க்கால் கரையில் நின்றிருந்தேன். உன்னை மாட்டுவண்டியில் தூக்கிப் போட்டது நானும் உன் அண்ணனும்தான்.

அதற்குப் பிறகு அந்த முதுகு உன்னுடையதாக இல்லை, ஊருடையதாகிவிட்டது. கூட்டம் போட்டால் “முதுகில் அடி வாங்கிய தோழர்” என்றுதான் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. பண்ணையார் தன் நிலத்தைச் சமையல்காரன் பெயரிலும் டிரைவர் பெயரிலும் செத்துப்போன சித்தப்பா பெயரிலும் எழுதிவைத்தார். நீ கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கோர்ட்டில் உரித்தாய். எழுந்து நிற்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அந்த அடி பேசுது பாய்” என்பாய். உன் மனைவியும் நம்பினாள். நானும் நம்பினேன். உனக்கு வருகிற எந்த வலிக்கும் அந்தப் பண்ணையார்தான் பொறுப்பு.

முதல்முறை சீட்டு கெட்டது உன் முட்டியால். சூடேறும் சீட்டு என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. உறைக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் ஒரு மெல்லிய விரிப்பு. அதில் தலைமுடி கனத்தில் ஒயர் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும். உட்கார்ந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. முட்டி போட்டால் செத்தது. நீயோ பின்சீட்டில் கிடக்கும் கேஸ் கட்டை எடுக்க, இறங்கிக் கதவைத் திறக்கச் சோம்பல்பட்டு, முன்சீட்டில் முட்டி போட்டு எம்புவாய். மீட்டரை வைத்துப் பார்த்தேன், ஒயர் நடுவில் அறுந்திருந்தது. புது விரிப்பைக் குவைத்திலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி வரவழைத்தேன். “தஞ்சாவூருக்கா இது?” என்று ஏர்போர்ட்டில் கேட்டுச் சிரித்தார்களாம்.

அதை மாட்டும்போது நீ செய்த ரகளையை மறக்கவில்லை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கும். அது ஏர்பேக்குக்குப் போகிறது. பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் வெடிக்கும். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “இதுக்கும் வாய்தாவா பாய்?” என்று நச்சரித்தாய். ஸ்பாஞ்சில் பசை தடவி, சுருக்கமில்லாமல் விரிப்பை ஒட்டி, உறையை இழுத்து வளையங்களை ஒவ்வொன்றாகக் கவ்வவைத்து முடிப்பதற்குள் என் கைவிரல்கள் கன்றிவிட்டன. நீ ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, “அல்வா மாதிரி இருக்கு” என்றாய். முட்டி போடாதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. முதலில் குறைந்த சூட்டில் வைத்தாய். பிறகு கூடுதல் சூடு. பிறகு முதுகுக்குப் பின்னால் தலையணை. உன் பேண்ட் பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டிருந்ததைப் பார்த்தேன். உன் மனைவி கடைக்கு வந்து, “அண்ணே, ராவெல்லாம் தூங்க மாட்டேங்கறாரு. காருக்குள்ள போய் உக்காந்துக்கறாரு. முதுகுல தோல் சூடு பட்டு வலைவலையா கறுத்துப் போயிருக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். மதுரை ஹைகோர்ட்டில் உங்கள் தெரு ஆட்களுடைய குத்தகை வழக்கு கடைசி விசாரணைக்கு வந்திருந்த நேரம். தோற்றால் நிலத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும்.

அப்போது வந்து கேட்டாயே ஒரு கேள்வி. “பாய், சூடு ஒரு அளவோட நின்னுடுது. அத நிறுத்துற சாமானைக் கழட்டிடு. இன்னும் ஏறட்டும்.”

“தெர்மோஸ்டாட்டக் கழட்டுனா சீட்டு பத்திக்கும்யா.”

“பத்துனா பத்தட்டும். மதுரை வரைக்கும் நான் உக்காந்து போவணும்ல?”

“சீட்டு நல்லாத்தான் இருக்கு. நாந்தான் மீட்டர் வச்சுப் பாத்தேனே. கெட்டுப்போனது சீட்டில்ல. தஞ்சாவூர் போய் ஒரு ஸ்கேன் எடு. அப்பறம் வா.”

“இது அந்த அடி பாய். ஒனக்குத் தெரியாதா? நீதானே தூக்கிட்டுப் போன?”

“அந்த அடிக்கு நான் சாட்சி. இதுக்கு இல்ல.”

“ஒயர் பாக்கறவன் ஒயரப் பாரு” என்று சொல்லிவிட்டு, காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். நான் கையில் டெஸ்டரோடு நின்றேன். அல்லாஹ் எனக்குக் கொடுத்த பொறுமையில் பாதியை நீயே செலவழித்துவிட்டாய்.

கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டாய். நேரில் போய்ச் சொல்ல உனக்கு நேரமில்லை. கோர்ட் வாசலில் சாவியைக் கொடுத்து, சீட்டுச் சூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினாய். அந்த மனிதர் பார்த்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தால் சீட்டு தோசைக்கல் மாதிரி சுடுகிறது. நம் ஊரில் நல்ல மனசுள்ள மெக்கானிக் என்ன செய்வான்? ஒயரை வெட்டினார். பட்டனையும் பிடுங்கினார். கூடவே மரமணி கோர்த்த விரிப்பு ஒன்றைச் சீட்டின்மேல் கட்டிவிட்டு, “சார், யாரோ தப்பா ஒயர் குடுத்து வச்சிருந்தாங்க. எடுத்துட்டேன். இனிமே ஜில்லுனு போவலாம்” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நீ அவரைத் திட்டவும் முடியாமல், பாராட்டவும் முடியாமல் அந்த மணிகளின்மேல் உட்கார்ந்து பாபநாசம் வரை வந்தாய்.

நேராக என் கடைக்குத்தான். காரிலிருந்து இறங்குவதற்கே கதவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாய். நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை. சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, “நாளைக்கு மதுரை பாய்” என்றாய். உன் குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை. அதைக் கேட்டதும் குறடைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“ஒயரச் சேத்துத் தர்றேன். தெர்மோஸ்டாட்டத் தொட மாட்டேன். கேஸு முடிஞ்ச மறுநாள் ஸ்கேன். சத்தியம் பண்ணு.”

“நான் நாத்திகன். எது மேல பண்றது?”

“ஒன் தெரு ஜனங்க மேல பண்ணு.”

பண்ணினாய்.

மதுரைக்கு நானே ஓட்டினேன். புதுக்கோட்டை தாண்டும்போது நீ தூங்கிப்போனாய். வாயைத் திறந்துகொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி. கோர்ட்டில் நின்றபடியே பேசினாய். ஜட்ஜ் உட்கார்ந்து பேசச் சொன்னதற்கும் நன்றி சொல்லிவிட்டு நின்றாய். பின்வரிசையிலிருந்த எனக்கு மேசை விளிம்பைப் பிடித்திருந்த உன் கை மட்டும்தான் தெரிந்தது. தீர்ப்பு சாதகமாக வந்தபோது ஊரில் வெடி போட்டார்கள். உன்னைத் தோளில் தூக்க வந்த பையன்களை நான் போய்த் தடுத்தேன்.

பிறகு ஆரம்பித்தாய். தீர்ப்பு நகல் வரட்டும் என்றாய். நகல் வந்தது. நடவு முடியட்டும் என்றாய். நடவு முடிந்தது. தாலுகா ஆபீசில் ஜமாபந்திக் கணக்கு முடியட்டும் என்றாய். வாழ்நாள் முழுக்கப் பண்ணையார் வாய்தா வாங்குகிறார் என்று கத்தினாயே, அவரையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாய். கடைசியில் ஒருநாள் கார்ச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உன்னையும் உன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்கு விட்டேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, வெள்ளை வெள்ளையாக இருந்த இடங்களைக் காட்டினார். புற்று வேறெங்கோ தொடங்கி முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார். முன்னாலேயே வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார். உன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நீ அதையெல்லாம் கேட்டது போலவே இல்லை. “அப்ப அந்தப் பழைய அடி, டாக்டர்?” என்றாய்.

“எந்த அடி?”

நீ கதை முழுவதையும் சொன்னாய். அவர் மறுபடி படத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் எப்பவோ ஆறிப்போச்சுங்க. எலும்புல அதுக்கு அடையாளமே இல்ல” என்றார்.

திரும்பி வரும்போது நீ முன்சீட்டில்தான் உட்கார்ந்தாய். சீட்டைச் சாய்த்து, சூட்டைப் போட்டுவிட்டேன். அய்யம்பேட்டை தாண்டியதும் கேட்டாய்: “அப்ப, இவ்வளவு நாளா நான் சொன்னது பொய்யா பாய்?”

சாகப்போகிறவன் கேட்கிற கேள்வியா இது? எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். “அடி நெஜம்யா. நான் பாத்தேன். அது ஆறிப்போனதும் நெஜம். ஆறுனா சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஏன்யா அதையே தூக்கிட்டுத் திரிஞ்ச?” என்று கத்தினேன். பின்சீட்டில் உன் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நீ என் கையைப் பிடித்து, “சரி, ஓட்டு” என்றாய். அதற்குப் பிறகு உன் வாயிலிருந்து அந்த அடியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னாலேயே அதை விட்டிருக்கக் கூடாதா?

அடுத்த அறுவடையை நீ பார்க்கவில்லை. கார் உன் மனைவியிடம்தான் இருக்கிறது. அவளுக்கு ஓட்டத் தெரியாது, விற்கவும் மனசில்லை.

என் பிழைப்பைக் கேள். நீ போன பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. கிளட்ச் கனமாக இருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தது. முட்டியைக் காட்டுங்கம்மா என்று சொல்லிவிட்டேன். அவர் முறைத்துக்கொண்டு போனார். ஹாரன் சத்தம் போதவில்லை என்று வந்தவரிடம் காதைப் பார்க்கச் சொன்னேன். இந்த பாய்க்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

நேற்று அந்தி நேரத்தில் ஒருவர் வந்தார். நெல் லாரி டிரைவர், வெளியூர்க்காரர். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது, பெரிய பல்பாகப் போடு என்றார். மீட்டர் வைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், வெளிச்சம் எதிர்ச் சுவரில் பளிச்சென்று விழுந்தது. “லைட்டு நல்லா இருக்குங்க. கண்ணக் காட்டிட்டு வாங்க, அப்பறம் போட்டுத் தர்றேன்” என்றேன். கெட்ட வார்த்தையில் ஒன்று விட்டுவிட்டு லாரியில் ஏறிவிட்டார். நான் ரோட்டுக்கே இறங்கிவிட்டேன். ஊரும் பேரும் தெரியாத அந்த மனிதரைப் பார்த்து, உன்னைத் திட்டுகிற அதே வாயால், “யோவ், நாளைக்கே போய்க் காட்டுய்யா! நாளைக்கே போய்யா!” என்று கத்தினேன். லாரி திருப்பத்தில் மறைந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தேன்.