வானதூதர் முதலில் வந்த இடம்

நாசரேத்

அன்புள்ள ருலா,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று எழுத உட்கார்ந்தேன். நான் நலம், முழங்கால் மட்டும் நம் தெருப் படிகளில் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மொன்றியால் பனியில் சளிப் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே என் நினைப்பு. போன வாரம் தொலைபேசியில், அம்மா பெயரையே வைத்த நஜ்லாக்குட்டியின் ஞானஸ்நானத்துக்கு நம் கபிரியேல் கோயில் ஊற்றிலிருந்து ஒரு குப்பித் தண்ணீர் வேண்டும் என்றாய். உன் மாமியார், "அது வெறும் கிணறு, தூதர் மாதாகிட்ட வந்தது எங்க லத்தீன் குகைக்குத்தான்" என்று சிரித்ததாகச் சொல்லி, எது நிஜம் அப்பா என்றும் கேட்டாய். நான் சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகத்தான் விழுந்தது.

உன் அம்மா லத்தீன் கத்தோலிக்க வீட்டுப் பெண், நாம் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் என்பதால், தூதர் மாதாவுக்குச் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள் நமக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தது உனக்கு நினைவிருக்கும். முதலில் அவர்களுடையது. அவள் குகைக்குள் இறங்கிப் போவாள், நான் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பேன். இரண்டு வாரம் கழித்து, பழைய நாள்காட்டிப்படி நம்முடையது. அப்போது அவள் என்னோடு ஊற்றுக்கு வந்து, மற்றவர்களை முந்திக்கொண்டு தண்ணீரை ஏந்திக் குடிப்பாள். திரும்பும் வழியில் பச்சை பாதாம் வாங்குவோம், நீ அதை உப்பில் தொட்டுத் தொட்டு உதடு வெந்து அழுவாய். பிறகு முனீர் பெரியப்பா வீட்டு மாடியில் சாப்பாடு, திராட்சை இலைச் சுருள்களோடு அதே பழைய சண்டை. பெரியப்பா, "தண்ணி எடுக்கப் போன இடத்துலதான் அவளுக்குக் குரல் கேட்டுது, எங்க ஆளுங்க அந்தக் காலத்துலயே எழுதி வச்சுட்டாங்க" என்று ஆரம்பிப்பார். அம்மா, "இருக்கட்டும் அத்தான், கிணத்தடியில பாதி சொன்னாரு, பொண்ணு பயந்து குடத்தோட வீட்டுக்கு ஓடிட்டா, மீதியைச் சொல்லத்தான் எங்க வீட்டுக்கு வந்தாரு. ஒரு தடவை சொன்னாப் போதும்னு ஆம்பளைங்கதான் நினைப்பீங்க" என்பாள். பெரியப்பா புரையேறும்வரை சிரிப்பார். எங்களுக்கு அப்படியொரு வசந்தகாலம் இனி இல்லை.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நம் ஊர் வாரப் பத்திரிகையில் என் பெயர் போட்டு ஒரு கட்டுரை எழுதினேன். பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவன் வேறு எப்படி எழுதுவான்? குகையைச் சுற்றியுள்ள வீடுகள் பழையவைதான், சுவரில் யாத்திரிகர்கள் கீறிய வேண்டுதல்களும் பழையவைதான், ஆனால் தூதர் வந்தது இந்த இடம்தான் என்று அவற்றை வைத்து நிரூபிக்க முடியாது, ஊற்றுக்கும் அதே கதைதான் என்று எழுதினேன். கடைசிப் பத்தியில், அந்தச் சின்னஞ்சிறு ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது இந்த ஊற்று, இங்கே வாழ்ந்த எந்தப் பெண்ணும் இதைத்தான் குடித்திருப்பாள், எனக்கு அது போதும் என்றும் எழுதினேன். கோயில் சபைப் பொறுப்பாளரான உன் பெரியப்பா ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் நின்று முதல் இரண்டு பத்தியைச் சத்தமாகப் படித்துவிட்டுத் தாளை மடித்தார். "என் தம்பிக்கு ஆதாரம் வேணுமாம். அப்படிப் பாத்தா இவன் எங்க அம்மாவுக்குப் பொறந்தவன்னே நிரூபிக்க முடியாதே" என்றார். ஊரே சிரித்தது. அன்றோடு அந்தக் கோயில் வாசலை நான் மிதிக்கவில்லை. அதைக்கூட மறந்திருப்பேன். அம்மா போன அன்று நான் குடும்பத்தார் வரிசையில் தனியாக நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் என் பக்கத்தில் வந்து நிற்காமல், துக்கம் கேட்க வந்தவர்களின் வரிசையில் வந்து, அயலான் மாதிரி என் கையைத் தொட்டுவிட்டு, துக்க வீட்டில் கொடுக்கும் சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நீ விமானம் கிடைக்காமல் அங்கே தவித்துக்கொண்டிருந்தாய். உனக்கு எப்படித் தெரியும்?

நேற்றுக் காலை தண்ணீருக்காகக் கோயிலுக்குப் போனேன். உன் பெரியப்பா மணலில் நட்டிருந்த மெழுகுவத்திகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார், முதுகு நன்றாக வளைந்துவிட்டது. "உஸ்தாத் வந்துட்டாரு, வாத்தியாருக்கு இன்னும் என்ன ஆதாரம் வேணும்?" என்றார். தண்ணீர் வேண்டும் என்றேன். பிளாஸ்டிக் குப்பியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய் நிரப்பினார். "எதுக்கும் சோதிச்சுப் பாத்துக்கோ, குழாய்த் தண்ணியா இருந்துடப்போவுது." பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு என்றேன். பெயர் என்ன என்றார். நஜ்லா என்றேன். குப்பியை அப்படியே கவிழ்த்துக் கொட்டிவிட்டு, உள்ளே போய் எண்ணெய்க்கு வைத்திருந்த புதுக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து, மூன்று தடவை அலசி, மறுபடி நிரப்பி, தன் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தார். நான் படியேறும்போது பின்னாலிருந்து, "அந்தக் கடைசிப் பத்தியை அன்னிக்கு வீட்ல போய்த்தான்டா படிச்சேன்" என்றார். அடுத்த ஞாயிறு அதையும் சத்தமாகப் படித்திருக்கலாமே என்று கேட்டேன். "எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட படிக்கறது?" என்றார்.

இதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை, நீயும் அப்படி நினைத்து அவருக்கு நீளமாக எழுதிவிடாதே. தண்ணீர் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி போதும். எது நிஜம் என்று கேட்டாயே, உன் மாமியாரிடம் அம்மா சொன்ன அந்தப் பாதி கிணத்தடி, மீதி வீடு கதையையே சொல். அதற்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் எங்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது அது ஒன்றுதான்.

குழந்தை தண்ணீருக்குப் பயப்படாமல் வளரட்டும், அவள் பாட்டியின் வாய் அவளுக்கு வரட்டும், நீங்கள் மூவரும் நிறைவாக இருங்கள். குப்பியைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி. ஒரு வாய் நீயும் குடி. இந்த ஊரில் நான் பெயர் போட்டு எழுதியது ஒன்றே ஒன்று, அதைக் கடைசிவரை கேட்காமலே ஊர் பெயரைத்தான் பிடித்துக்கொண்டது. இதில் பெயர் போடப்போவதில்லை. கடைசிவரை படித்துவிட்டாய் அல்லவா, யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். அப்படியே ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.