சக்கரத்தடியில் ஒரு கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆட்கள் பன்னிரண்டு பேரை வேனில் மலைக்குக் கூட்டிப்போனேன். உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றியுள்ள கிராமங்கள் கொட்டிய சோழிபோலக் கிடந்தன.

இறங்கும்போதுதான் நம் ஊர் நேர்சாலைப் புத்தியைக் காட்டிவிட்டேன். டாப் கியரிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தேன். பாதி வழியில் கருகிய வாடை வந்தது. பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. பின்னால் பாட்டும் கைத்தட்டலும். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கிராமத்து மேட்டில் ஏற்றி நிறுத்தினேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்தார்.

"மலைக்குப் புதுசா தம்பி? ஏறுன கியர்லதான் இறங்கணும்."

வேனுக்குள்ளிருந்து, "அதுக்குள்ள டீ குடிக்கவா நிறுத்துனீங்க?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

சூடு ஆறும்வரை அவர்கள் கிராமத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் கல்லைவிட்டு நகரவில்லை.

இங்கே குளிர் அதிகம். உங்கள் பழைய காக்கிச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அன்று அந்த மேட்டில் வேனோடு எடுத்த படம் உள்ளே இருக்கிறது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய உங்கள் கண் நேரே சக்கரத்துக்குத்தான் போகும். திட்டுவதானால் தனிக் கடிதத்தில் திட்டுங்கள். அம்மாவிடம் காட்டும்போது கல்லின்மேல் கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்