அலமாரிக்குப் பின்னால் இருந்த ஈரம்

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால். உன் அறையின் வடக்குச் சுவரில் ஈரம் பார்க்கும் மீட்டர் காட்டும் எண் இருபத்தேழு. வீட்டின் மற்ற சுவர்களில் பதினான்கு.

ஷீப் ஸ்ட்ரீட், தார்ன்ஸ்டோ

அன்புள்ள இம்மிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே கூரையும் நானும் நின்றுகொண்டிருக்கிறோம், இரண்டுக்கும் உடனே கவனிக்க வேண்டிய பழுது எதுவும் இல்லை. நீயும் அங்கே நியூசிலாந்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். உன்னிடம் போனில் பேசும்போது எனக்கு விடிகாலை, உனக்கு வேலை முடிந்த அசதி. இரண்டு பேருமே பாதித் தூக்கத்தில் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். படகுப் பட்டறையில் உன்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னாய், நானும் சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். மரம் இழைக்கும்போதும் பிசின் கலக்கும்போதும் முகமூடி போட்டுக்கொள். மூக்கில் ஏறியது நுரையீரலில்தான் போய் உட்காரும், அதைக் கழுவி எடுக்க முடியாது. உன் அம்மா கார்டிஃபில் எப்படி இருக்கிறாள் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும், அவள் புருஷனுக்கு முட்டி அறுவை சிகிச்சை என்று யாரோ சொன்னார்கள். நான் இன்னும் தினமும் அடுத்தவர் வீட்டுக் கூரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரில் விற்கும் வீடுகளில் பாதியை, வாங்குகிறவர்களுக்கு எங்கே பழுது என்று எழுதிக் கொடுக்க, நான்தான் சர்வே செய்கிறேன், மீதிப் பாதியைப் பற்றி பப்பில் குறை சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை விற்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பதினெட்டில் அப்பாவாகி, முப்பத்தொன்பதில் தனியாக இருக்கிற ஆளுக்கு மூன்று படுக்கையறை எதற்கு என்று நீயே போன வருடம் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன், ஞாபகம் இருக்கும். பதில் இதுதான். இந்த ஊரில் சதுக்கத்தைச் சுற்றி நான்கு வீட்டு ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், ரொட்டிக்கடை ஒன்றுதான் மிச்சம். ஓக் மரச்சட்டமும் கோணல் ஜன்னலும் இருந்தால் லண்டன்காரர்கள் சனிக்கிழமை ரயிலில் வந்து பார்த்து, திங்கட்கிழமை விலை சொல்லிவிடுகிறார்கள். உன் வகுப்பில் படித்தவர்களில் இங்கே சொந்த வீடு வாங்கியவர்கள் யாரும் எனக்குத் தெரிய இல்லை. உன் சிநேகிதி கெஸையா, காதலனுடைய அம்மா வீட்டுப் பரணில் குடியிருக்கிறாள், அங்கே நேராக நிமிர்ந்து நிற்க முடியாது. ஆக, நீ ஒருநாள் திரும்பி வர நினைத்தால் இந்த வீடு கையில் இருந்தால்தான் உண்டு. ஒருமுறை விட்டுவிட்டால் நானோ நீயோ இந்தத் தெருவுக்குள் மறுபடி வர முடியாது. அதற்காகத்தான் வைத்திருந்தேன். நீ நிரந்தரம் என்று சொன்ன வாரத்துக்கு அடுத்த திங்களன்று, ஏஜெண்ட் லொரெய்னைக் கூப்பிட்டு சாவியைக் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே ஆள் வந்துவிட்டது. தியோ, நவோமி என்று ஒரு ஜோடி, பிப்ரவரியில் குழந்தை. உன் அறையைத்தான் குழந்தைக்கு என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்கள். நான் வாங்கப்போவது கால்வாய் ஓரம் மிஸஸ் பீச்சமின் சின்ன வீடு. அந்தம்மா கடற்கரை ஊரில் இருக்கும் தங்கையோடு போய் இருக்கப்போகிறார். வழக்கம்போல ஒருவர் விற்றால்தான் அடுத்தவர் வாங்க முடியும் என்ற சங்கிலிதான், ஒரு கண்ணி நகராவிட்டால் ஒருவரும் நகர முடியாது. இந்தச் சங்கிலியில் நகராத கண்ணி நான்.

காரணம் ஈரம். செப்டம்பரிலிருந்து மாடி நடையில் ஒரு வாடை. நனைந்த நாய் படுத்து எழுந்தது போல. உன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் அதிகம். உள்ளே போய் டார்ச் அடித்து உட்கூரையைப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த சுவரையெல்லாம் மீட்டர் வைத்துப் பார்த்தேன், பதினான்கு, பதினைந்து. சரி, கூரை மூலையில் இரண்டு சரிவும் சேரும் இடத்து ஈயத்தகட்டில் விரிசல் இருக்கும் என்று முடிவு கட்டினேன். ஏணி போட்டு ஏறினேன். தகட்டை மாற்றினேன். வாடை போகவில்லை. மழைத்தண்ணீர்க் குழாயை மாற்றினேன். போகவில்லை. புகைபோக்கியின் அடிப்பூச்சை உடைத்து மறுபடி பூசினேன். அந்தச் சமயத்தில் பப் நடத்தும் டெரிக் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஏண்டா, ஊர் வீட்டுக்கெல்லாம் குத்தம் எழுதுவியே, உன் வீட்டுக்கு எவன் எழுதறது?" என்று கத்தினார். சந்தைக்கு வந்த பாதி ஊர் சிரித்தது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் விற்க மாட்டேன், சர்வேயர் ஈர வீட்டை அடுத்தவன் தலையில் கட்டினான் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்று லொரெய்னிடம் சொல்லிவிட்டேன். வாங்குகிறவர்கள் சர்வேக்கு நாள் கேட்டார்கள், தள்ளிப்போட்டேன். மறுபடி கேட்டார்கள், மறுபடி தள்ளினேன். "கிரேக், இது நானூறு வருஷத்து வீடு. கொஞ்சம் வாடை அடிக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் அவங்க கூடுதலாக் காசு குடுக்கறாங்க," என்றாள் லொரெய்ன். எனக்குக் கோபம் வந்தது. மிஸஸ் பீச்சம் என்னை ரொட்டிக்கடையில் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. "தங்கச்சிக்குக் கண்ணு சுத்தமாத் தெரியலைப்பா. கெட்டிலைத் தொட்டுப் பார்த்துத்தான் கொதிக்குதான்னு கண்டுபிடிக்கிறா. நான் பாத்திரத்தையெல்லாம் பெட்டியில கட்டிட்டு, ஒரே ஒரு கப்பை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன வியாழக்கிழமை நான் பின்முற்றத்தில் ஏணிமேல் இருந்தபோது, லொரெய்ன் என்னைக் கேட்காமலே தன்னிடம் இருந்த சாவியைக் கொடுத்து வாங்குகிறவர்களுடைய சர்வேயரை அனுப்பிவிட்டாள். ப்ரயோனி என்று ஒரு பெண், பக்கத்து மாவட்டத்துக்காரி, உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். நான் இறங்கி வருவதற்குள் கீழ்த்தளத்தை முடித்துவிட்டாள். விற்கிறவன் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. பின்னாலேயே வந்து விளக்கம் சொல்கிற வீட்டுக்காரர்களைக் கண்டால் எனக்கே பற்றிக்கொண்டு வரும். நான் அவள் பின்னாலேயே படியேறினேன். தகடு மாற்றியதைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன், புகைபோக்கியைச் சொன்னேன். "கிரேக், எனக்கும் மூக்கு இருக்குங்க. கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள். உன் அறைக்குள் போய் நடுவில் நின்றாள். கையை நீட்டி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டாள். நீ போன மறுவாரம் அதை மூடினேன், யாரும் இல்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று. "இந்த ரூம்ல கடைசியா யாரு, எப்போ தூங்கினாங்க?" என்று கேட்டாள். மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள், மூன்று குளிர்காலம் ஆயிற்று என்றேன். அவள் வடக்குச் சுவரை ஒட்டி நிற்கும் உன் துணி அலமாரியைப் பார்த்தாள். "அதுக்குப் பின்னாடி பார்த்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. சாமான்களை நகர்த்துவதில்லை என்றேன்.

நாங்கள் எல்லோரும் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுவது அது. கனமான சாமான்களை நகர்த்தவில்லை, அவற்றின் பின்னால் இருப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல. பதினைந்து வருடமாக அடுத்தவர் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பழகி, சொந்த மகளின் அறையிலும் அப்படியே நின்றுவிட்டு வந்திருக்கிறேன். ப்ரயோனி சிரிக்கவே இல்லை. "நான் நகர்த்தக்கூடாது. நீங்க சர்வேயர் இல்லை இங்க, வீட்டுக்காரர். நீங்க நகர்த்தலாமே," என்றாள். நகர்த்தினேன். பின்பக்கம் முழுக்கப் பூசணம், கதவளவு உயரத்துக்குக் கறுப்பாக. சுண்ணாம்புப் பூச்சு கையோடு வந்தது. அலமாரியின் பின்பலகை ஊறிப்போயிருந்தது. உள்ளே நீ விட்டுப்போன நீளக் கோட்டின் முதுகில் சாம்பல் படிந்தது போல இருந்தது, அதைச் சலவைக்குக் கொடுத்திருக்கிறேன். கூரையில் ஓட்டை இல்லை. எங்கேயுமே ஓட்டை இல்லை.

நீ படகு கட்டுகிறவள், உனக்கு இது புரியும். நான் குளிக்கிறேன், கெட்டில் கொதிக்கிறது, உருளைக்கிழங்கு வேகிறது, ராத்திரி எதிர் அறையில் படுத்து மூச்சு விடுகிறேன். அந்த ஆவி வீட்டில் அலைந்து, எந்தச் சுவர் அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய்த் தண்ணீராகும். கதவை மூடினால் நிற்காது, கீழிடுக்கு போதும். சூடில்லாத அறை, வடக்குச் சுவர், காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டு ஓர் அலமாரி. இந்த வீட்டில் மூச்சு விடுவது நான் ஒருவன்தான். ஆக, மூன்று குளிர்காலமாக உன் சுவரில் போய்ப் படிந்த தண்ணீர் முழுக்க என்னுடையதுதான். இதில் உருகுவதற்கு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற இயற்பியல். ப்ரயோனி கீழே போய் மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு நான் மறுபடி மேலே போய் அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான். வாசலில் அவள் சொல்லிவிட்டுப் போனது, "பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன். சூடு குடுத்தா காஞ்சிரும். ஆள் இருந்தா இது வரவே வராது."

ஓட்டை இல்லை என்றதும் லொரெய்ன் போனில் சந்தோஷத்தில் ஒரு பாட்டே பாடினாள். நான் போனை வைத்துவிட்டு ஏணியை மடக்கி உள்ளே வைத்தேன். ஓட்டை இருக்கிறவரை நான் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, நீ வருவாயா என்று உன்னிடம் கேட்கவும் வேண்டியதில்லை. வாராவாரம் ஏணியில் ஏறி இறங்கியது அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது. இனிச் சொல்ல சாக்கு இல்லை. அந்த அறையில் பிப்ரவரியில் ஒரு குழந்தை அழட்டும், அவர்கள் ராத்திரியெல்லாம் சூடு போட்டுக்கொண்டு விழித்திருக்கட்டும், அந்தச் சுவருக்கு அதுதான் மருந்து. உன் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, சொல்கிறேன். நீ வேண்டாம் என்று சொல்லி, அதற்காக நான் நிறுத்தி, பிறகு நீயும் வராமல் இருந்தால் மிஸஸ் பீச்சம் அந்த ஒரே கப்போடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று கேட்காமல் விட்டால் அடுத்த வீட்டிலும் எங்கேயாவது ஓட்டை தேடிக்கொண்டிருப்பேன், அதனால் கேட்டுவிடுகிறேன். ஒருமுறை வந்து போவாயா? நிரந்தரமாக இல்லை. இரண்டு வாரம். உடனே பதில் சொல்ல வேண்டாம், போனில் திடீரென்று சொல்லவும் வேண்டாம், நான் அரைத் தூக்கத்தில் ஏதாவது உளறிவிடுவேன்.

சதுக்கத்தில் போர் நினைவு நாளுக்காக வாத்தியக் கோஷ்டி சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறது, பதினோரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம், அதற்குள் இதை முடிக்க வேண்டும். கை விரல் பத்தும் பத்திரமாக, நீ கட்டுகிற படகுகள் எல்லாம் மிதந்து, நீ நன்றாக இரு. உன் தொழிலில் உனக்கு நல்ல பேர் வரட்டும். முகமூடியை மறக்காதே. உன் அறையிலும் கட்டில் வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் இன்றைக்கே இழுத்துப் போடு. நான் இனிச் செய்யப்போவது:

1. இந்தக் கடிதத்தை ஒட்டியதும் உன் அறை ரேடியேட்டரைத் திறப்பது.

2. சுவரைக் கழுவி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடிப்பது. கடைப் பெயிண்ட் அடித்தால் சுவர் மூச்சு முட்டும் என்று தியோவிடம் சொல்வது. அவன் கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்வது.

3. மிஸஸ் பீச்சமுக்குப் போன் செய்து அந்தக் கப்பையும் கட்டச் சொல்வது.

4. வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசில் கையெழுத்து.

5. புது வீட்டின் பின்னறையில் உன் கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை தள்ளிப் போடுவது. அலமாரி உட்சுவரில். உன் கோட்டு அதற்குள்.

6. அந்த அறையில் குளிர்காலம் முழுக்கச் சூடு வைப்பது, நீ வரும் தேதி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

7. கதவை மூடாமல் இருப்பது.

இப்படிக்கு,
உன் அப்பா
கிரேக் ஹாலிடே