சிலந்தி நூலுக்கு ஒரு பீங்கான் வளையம்

அப்பாவுக்கு, மோகனப்பிரியா வணங்கி எழுதுவது. மடகாஸ்கரில் நலமாக இருக்கிறேன். சூளைச் சூட்டில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

சிலந்தியிடமிருந்து நூலிழுத்துச் சால்வை நெய்யும் வேலை பழகிவிட்டது. நேற்று சின்னதாக ஒன்று நடந்தது. நூல் ஓடும் பீங்கான் வளையம் கைதவறி விழுந்து, விளிம்பு உடைந்துவிட்டது. மேலாளரிடம் சொல்லவில்லை. உடைந்த பக்கத்தைத் திருப்பி வைத்து ஓட்டுகிறேன். நூல் அறுந்துபோகும் போதெல்லாம் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். இந்தத் தாளின் பின்பக்கம் வளையத்தை வைத்து வட்டம் வரைந்திருக்கிறேன். விருத்தாசலத்தில் உங்கள் பீங்கான் சூளையில் அதே அளவில் ஒன்று சுட்டு, சீக்கிரம் அனுப்புங்கள். சுட்டால் சுருங்கும், கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா.

சிலந்திகளைச் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி.

தபால்காரர் நிற்கிறார். “அவளுக்குத் தொணைக்கு யாரு இருக்குறாங்க?” என்று அம்மா கேட்டால், எனக்கும் தனி அறைதான் என்று மட்டும் சொல்லுங்கள்.

மோகனா