கடைக் கண்ணாடிக்கு அடியில் சுந்தரம்

1964, ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

பெரிய பேரன் சுந்தரம் பிலாய் இரும்பு ஆலையில் இன்ஜினீயர். பேத்தி ஜெயா எஸ்.எஸ்.சி.யில் முதல் வகுப்பு. சின்னவன் பத்து வயதிலேயே இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றிலும் சண்டை போடுவான். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு இன்று ஒரு மளிகைக் கடையில் தலைகுனிவு.

தீபாவளிக்கு நல்லெண்ணெய், சீயக்காய் வாங்க பம்பாய் மாட்டுங்காவில் இருக்கிற அண்ணாச்சி கடைக்குப் போனோம். "நம்ம ஊர்க் கடை மாதிரியே எவ்வளவு அழகா இருக்கு அத்தை!" என்றாள் மருமகள். என்ன அழகோ! வெல்லத்தில் எறும்பு, மிளகாய் மூட்டை மேல் பூனை.

கல்யாணத்துக்கு நிற்கிற பையன்களின் படத்தை அண்ணாச்சி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். பண்டிகைச் சாமான் வாங்க வரும் பெண்ணைப் பெற்றவர்கள் பார்ப்பார்கள். சுந்தரம் படத்தை நானும் கொடுத்திருந்தேன். வீட்டில் இருந்தது அவன் பள்ளிக்கூடத்துப் படம் ஒன்றுதான். முகம் மாறவா போகிறது என்று நினைத்துவிட்டேன்.

இன்று செம்பூர்க்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு எதுக்கு அண்ணாச்சி, இந்தப் பயலுக்குச் சிலேட்டு வாங்கிக் குடுங்க!" என்றாள். கடையே சிரித்தது. கிழிந்த பையோடு வந்தவளுக்கு வாயைப் பார்.

அண்ணாச்சி படத்தை உருவி என்னிடமே நீட்டினார். "தீபாவளிக்குள்ள வேற படம் கொண்டாங்க ஆச்சி. இல்லேன்னா அந்த இடம் பேங்க்காரப் பையனுக்குப் போயிரும்." மளிகைக்காரருக்கு இவ்வளவு அதிகாரம்!

நாளைக் காலையில் முதல் வேலை சுந்தரத்துக்குக் கடிதம். மீசை தெரிய என்று எழுதலாமா? மீசை வைத்திருக்கிறானோ என்னவோ, பார்த்து மூன்று வருடம் ஆகிறது. கோட்டுப் போட்டு ஒரு புதுப் படம் எடுத்து உடனே தபாலில் அனுப்படா, ராசா.